வயிற்றுச் சுவர்ச் சீரமைப்பு அறுவை

மகப்பேற்றுக்குப் பின்னர் வயிறு தளர்ந்து மடிந்துவிட்டதென வருந்தும் பெண்கள் பலர். உடல் எடையைப் பெருமளவு குறைத்த பின்னும் தோல் மட்டும் தொங்கலாக எஞ்சிவிட்ட ஆடவரும் உளர். இவர்கள் நாடக்கூடிய ஓர் அறுவைச் சிகிச்சை ஆங்கிலத்தில் 'டம்மி டக்' என வழங்குகின்றது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயரின்மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. சேலைக் கொசுவத்தை மடித்துச் செருகுவது போன்ற எளிய செயல் என்னும் எண்ணத்தை அது தோற்றுவிக்கின்றது. உண்மையில் இது பெரிய அறுவை. வயிற்றுச் சுவர்ச் சீரமைப்பு என்பதே பொருந்தும்.

இது புதிய முறையும் அன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி என்னும் மருத்துவர் 1899-ஆம் ஆண்டிலேயே தொங்கும் வயிற்றை அறுத்துச் சீர்செய்தார். பிரேசில் நாட்டின் இவோ பிட்டாங்கி, தாம் செய்த 300 அறுவைகளை ஆராய்ந்து 1967-இல் கட்டுரை வெளியிட்டார்.

அறுவையின்போது நிகழ்வது யாது? பெரும்பாலும் முழு மயக்கம் தரப்படும். அடிவயிற்றில் இடுப்பின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம்வரை கீறி, தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் விலா எலும்பை நோக்கி மேலே பெயர்ப்பர். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாகச் செல்லும் இரு தசைப் பட்டைகள் கருவுற்ற காலத்தில் விலகுகின்றன. சிலருக்கு அவை மீண்டும் நெருங்குவதில்லை. அவற்றைத் தையலிட்டு நெருக்குவர். பின்னர்த் தோலைக் கீழே இழுத்து, மிகுதியை வெட்டி நீக்கித் தைப்பர். கொப்பூழ் தன் இடத்திலேயே நிற்கும். மேலே வரும் தோலில் புதிய துளையிட்டு அதனை வெளிக்கொணர்வர். இவையெல்லாம் முடிய 2 முதல் 4 மணி நேரம் ஆகலாம்.

எடையைக் குறைக்கும் வழியாக இதனை எண்ணலாகாது. எடை சில திங்களாக ஒரே நிலையில் நின்றிருக்க வேண்டும். மீண்டும் கருவுற்றால் தைத்த தசைகள் விலகக்கூடும் ஆதலின், இனிக் குழந்தை வேண்டாம் எனத் தெளிந்த பின்னர்ச் செய்துகொள்வதே தக்கது. புகைபிடிப்போர் குறைந்தது 4 வாரம் முன்னரே அதனை விட்டொழித்தல் வேண்டும். விடாதவருக்குத் தோலின் விளிம்புகள் இரத்த ஓட்டமின்றி அழிந்துபோதல் கூடும்.

விழித்தெழும்போது வயிற்றில் இறுக்கமும் வலியும் இருக்கும். தேங்கும் நீரை வெளியேற்றச் சிறு குழாய்களைப் பொருத்துவதும் உண்டு. முதல் ஒரு வாரம், பத்து நாள் நிமிர்ந்து நடத்தல் இயலாது. முதுகு வளைந்தே இருக்கும். இறுக்கமான வயிற்றுக் கச்சை சில வாரம் அணிய வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டிமார் பழஞ்சேலையால் வயிறு கட்டிய வழக்கம் இங்கே நினைவுக்கு வருகின்றது; ஆயினும் எந்தக் கட்டும் தொங்கிய தோலைச் சுருக்கிவிடாது. நீர்க்குடம், அரிசி மூட்டை, இடுப்புக் குழந்தை இவற்றையெல்லாம் ஏறக்குறைய 6 வாரம் தூக்கலாகாது. உற்றார் அருகில் இல்லாத வெளிமாநில வாழ்க்கையில் இதுவே பெருஞ்சிக்கல். முதல் இரு வாரமேனும் உடனிருக்க ஒருவரை முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளாமல் நாள் குறிக்க வேண்டாம்.

அறுவை முடிந்த கையோடு ஊருக்குச் சென்று ஓய்வெடுக்கலாம் என்று எண்ணுவோரும் உண்டு. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகின்றது. அசையாது நெடுநேரம் அமர்ந்திருந்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் செல்லும் அபாயம் உண்டு. மருத்துவர் அனுமதித்த பின்னரே பயணம் செய்க. கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ தோன்றினால் அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

தழும்பு மறையாது. ஓராண்டு அல்லது அதற்கு மேலும் ஆகி நிறம் மங்கும். சிலருக்குத் தடித்தும் போகும். சேலைக்கட்டின் கீழே மறையுமாறு அதனைத் தாழ்வாக அமைப்பது வழக்கம். கொப்பூழுக்குக் கீழே மரத்த உணர்ச்சி பல திங்கள் நீடிக்கலாம்.

அழகு கருதிச் செய்யும் அறுவைக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. வயிற்றுச் சுவரில் பிதுக்கம் இருப்பின் அதனைச் சரிசெய்யும் செலவு கிடைக்குமா என்பதை எழுத்து மூலம் முன்னரே கேட்டறிக. அறுவை செய்பவர் ஒட்டறுவை மருத்துவத்தில் எம்.சிஹெச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா என்று வினவுவதில் கூச்சம் வேண்டா. ஒப்புதல் படிவம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்து, அம்மொழி நன்கு தெரியாவிடின், தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படித்துப் பொருள் கேட்ட பின்னரே கையொப்பம் இடுக.