டேப்லோவில் நேரடி இணைப்பும் சேமித்த தரவும்

டேப்லோ என்பது தரவுகளை விளக்கப்படங்களாகக் காட்டும் மென்பொருள் ஆகும். 2003-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தை 2019-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது. இம்மென்பொருள் தரவுத்தளத்துடன் லைவ் எனப்படும் நேரடி இணைப்பு, எக்ஸ்ட்ராக்ட் எனப்படும் சேமித்த பிரதி ஆகிய இரு முறைகளில் இணைகிறது. மைக்ரோசாப்டின் பவர் பிஐ மென்பொருளில் இவற்றுக்கு இணையானவை டைரக்ட்குவெரி, இம்போர்ட் ஆகியவை.

நேரடி இணைப்பு

இம்முறையில் பயனர் கேட்கும் விவரத்தை மென்பொருள் தரவுத்தளத்திடமே வினவிப் பெறுகிறது. எனவே அண்மைய தரவு கிடைக்கும். ஆனால், திறந்து வைத்த பக்கம் தானாக மாறிக்கொண்டே இருக்காது. அதைப் புதுப்பிக்க வேண்டும். வேகம் தரவுத்தளத்தையும் வலையமைப்பையும் பொறுத்தது. பலர் ஒரே நேரத்தில் பார்த்தால் தரவுத்தளத்தின் அன்றாடப் பணிகளும் மெதுவாகலாம்.

சேமித்த பிரதி

இம்முறையில் தேவையான தரவு ஒரு கோப்பில் சேமிக்கப்படுகிறது. முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஹைப்பர் என்னும் தரவு இயந்திரத்தை டேப்லோ 2016-இல் வாங்கி, 2018 ஜனவரியில் வந்த 10.5 பதிப்பில் சேர்த்தது. இதனால் பெரிய பிரதிகளையும் விரைவாக ஆராய முடிகிறது. இணையம் இல்லாதபோதும் பிரதியைப் பயன்படுத்தலாம்.

பிரதியை முழுமையாகப் புதுப்பிக்கலாம். அல்லது புதிய பதிவுகளை மட்டும் சேர்க்கலாம். புதியவற்றை மட்டும் சேர்க்கும்போது, பழைய பதிவுகளில் செய்த திருத்தங்களும் நீக்கங்களும் பொதுவாகப் பிரதிக்கு வருவதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு மருத்துவமனையில் காலை 6 மணிக்குப் பிரதி புதுப்பிக்கப்படுகிறது என்று கொள்வோம். 11 மணிக்குத் திரையில் 4 படுக்கைகள் காலி என்று தெரியலாம். உண்மையில் அவை நிரம்பியிருக்கலாம். அதை நம்பி நோயாளியை அனுப்பினால் அலைச்சலும் காலதாமதமும் ஏற்படும். இங்கு நேரடி இணைப்பே ஏற்றது. அதே மருத்துவமனையின் கடந்த பத்தாண்டுச் சேர்க்கைகளை ஒப்பிடுவதற்குப் பிரதி போதும்.

பிரதி என்பது தரவின் இன்னொரு நகல் என்பதையும் மறக்கக்கூடாது. அதைக் கோப்புடன் சேர்த்துப் பிறருக்கு அனுப்பினால், படத்தில் தெரியாத நோயாளிகளின் பெயர்களும் உடன் செல்லக்கூடும். ஆகவே தேவையற்ற நெடுவரிசைகளைப் பிரதி எடுக்கும் முன்பே நீக்கிவிட வேண்டும்.

எம்முறையைத் தேர்ந்தெடுத்தாலும், தரவு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தை விளக்கப்படத்தின் அருகிலேயே குறிப்பிடுவது நல்லது. பார்ப்பவர் அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அதைக் கொண்டே முடிவு செய்ய முடியும்.