தும், தெக்: இடுப்பில் ஏறும் தாளம்
'பெல்லி டான்ஸ்' என்று பலரும் அறிந்த ஆட்டத்தை எகிப்தியர், கிழக்கத்திய நடனம் என்று பொருள்படும் 'ரக்ஸ் ஷர்க்கி' என்னும் அரபுப் பெயரால் அழைக்கின்றனர். வயிற்றைச் சுட்டும் பெயர் மேலைநாட்டார் சூட்டியது என்பதால், அதைக் கொண்டு இக்கலையை மட்டமாக எடைபோடுவது நியாயமன்று. 1926இல் கெய்ரோவில் பதியா மசாப்னி தொடங்கிய கேளிக்கை அரங்கு, இதன் இன்றைய மேடை வடிவம் உருப்பெறப் பெரிதும் துணைநின்றது.

புதிதாகச் சேரும் மாணவி முதலில் கற்பது நிற்பதைத்தான்: பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி நின்ற பிறகே, தோளும் மார்பும் அசையாதிருக்க இடுப்பை மட்டும் தனியே இயக்கும் பயிற்சி தொடங்குகிறது. 'ஷிம்மி' எனப்படும் அதிர்வின் அடிப்படை வகை, முழங்கால்களை மாறிமாறி விரைவாக மடக்கி நிமிர்த்துவதால் பிறக்கிறது. இதை உணராமல் இடுப்பை வலிந்து உதறினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

தைப்பூசத்தன்று ஈப்போ புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லும் காவடிகளின் உறுமியொலியில் வளர்ந்த பேராக் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இதன் தாளம் எளிதில் பிடிபடும். தர்புக்கா எனும் குடுவை வடிவ மேளத்தின் நடுவில் விழும் கனத்த அடி 'தும்', விளிம்பில் விழும் கூரிய அடி 'தெக்'. 'தும் தெக், தெக் தும், தெக்' என்ற மக்சூம் தாளத்தை, நம் சொற்கட்டைப் போல வாயால் சொல்லிப் பழகிய பின் இடுப்பில் ஏற்றுவதே நல்ல முறை. அப்போது இடுப்புத் துணியில் தைத்த காசுகள் 'தும்' விழும் இடத்தில் கலகலக்கின்றனவா, பிந்துகின்றனவா என்பது ஆடுபவரின் காதுக்கே கேட்டுவிடும்.