வாசலுக்கு வரும் மாத்திரை

காந்தி மார்க்கெட்டில் இரவெல்லாம் காய்கறி மூட்டை இறக்கும் தொழிலாளிக்கும், ஸ்ரீரங்கம் கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்ணுக்கும் அரசு மருத்துவமனையில் இரத்த அழுத்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். ஆயினும் அதை வாங்கச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். வலியோ காய்ச்சலோ இல்லாத ஒரு நோய்க்காகக் கூலியை இழக்க யாருக்கு மனம் வரும்? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களுள் சிலரைப் பக்கவாதம் வந்த பிறகே மருத்துவர்கள் முதன்முறையாகக் காண்கிறார்கள்.

2020ஆம் ஆண்டு தமிழகத்தில் நடந்த கணக்கெடுப்பில், வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் அது கட்டுக்குள் இருந்தோர் 7.3 சதவீதம் மட்டுமே.

இந்நிலையில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளக்கிறார்கள். மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். ஒரு கோடியாவது பயனாளிக்கு 2022 டிசம்பரில் மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது நம் திருச்சி மாவட்டத்துச் சன்னாசிப்பட்டியில்தான். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. வருபவர் அதே பகுதியைச் சேர்ந்தவராக இருப்பதே இதன் பலம் என்று நாம் கருதுகிறோம். மாத்திரை மீந்திருந்தால் ஏன் என்று உரிமையோடு கேட்க அவரால்தான் முடியும்.

பின்னர் எடுத்த கணக்கில் கட்டுக்குள் இருப்போர் 17 சதவீதமாக உயர்ந்திருந்தனர். இரு மடங்குக்கும் மேல் என்பது உண்மை. நூற்றுக்கு எண்பத்து மூன்று பேருக்கு இன்னும் கட்டுப்படவில்லை என்பதும் உண்மை. மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகும் அழுத்தம் ஏன் இறங்குவதில்லை? நன்றாக இருக்கிறோம் என்று எண்ணிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அம்லோடிபின் உண்பவர் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதற்கு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. வீக்கத்தைச் சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து தருவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றின் உப்பையும் சேர்த்து நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் மட்டுமே உள்ள வீட்டில் இது எளிதன்று என்பதையும் அறிவோம்.

மருத்துவமனையில் தங்கி வீடு திரும்புவோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே எழுதித்தரும் மாத்திரை ஒரு நிறுவனப் பெயரில் இருக்கும். தன்னார்வலர் தரும் அட்டையில் மருந்தின் மூலப்பெயர் மட்டும் இருக்கும். உறையும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் விழுங்கிவிட்டால், அழுத்தம் மிகவும் தாழ்ந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரிடும். முதியோருக்கு இடுப்பெலும்பு முறிய அந்த ஒரு வீழ்ச்சி போதும். ஆகவே வீடு திரும்பும்போது தரப்படும் மருத்துவச் சுருக்கத்தைத் தன்னார்வலரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது கொண்டுவாருங்கள்.

தன்னார்வலர் வந்ததும், காபி கொடுத்து உபசரிப்பது நம் ஊர் வழக்கம். அவருக்குக் கொடுங்கள்; அளந்து முடிக்கும்வரை நீங்கள் அருந்த வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருங்கள். அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், சற்று நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை அளக்கச் சொல்லிக் குறித்து வையுங்கள். உங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லையெனில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.