நீர், சக்கரம், நிலம்: நான்காவதாக வெயில்

நீந்துவதும் துவிச்சக்கர வண்டி ஓட்டுவதும் ஓடுவதும் நம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு எவரும் வகுப்பு வைத்துக் கற்பித்த வித்தைகள் அல்ல. வண்ணாத்திவில்லுப் பகுதியிலே களப்பை அண்டி வாழும் மீனவர் வீட்டுச் சிறுவன் நடை பழகிய சில ஆண்டுகளிலே நீரிலும் பழகிவிடுகிறான். தந்தையின் வண்டியிலே, இருக்கையை எட்டாத வயதில், குறுக்குச் சட்டத்தின் கீழே காலை நுழைத்து மிதிக்கக் கற்றுக்கொள்கிறான். பாடசாலை மணி அடிக்கும் வேளையிலே செம்மண் பாதையில் ஓடாத மாணவன் யார்? இம்மூன்று செயல்களையும் இடையே இளைப்பாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பதைத்தான் மேல்நாட்டார் ‘ட்ரையத்லன்’ என்று வழங்குகின்றனர். நாம் அதனை முத்திறப் போட்டி என்று அழைப்போம்.

இன்றைய வடிவிலே இப்போட்டி முதன்முதலாக நடைபெற்றது 1974ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவின் சான் டியகோ நகரத்து மிஷன் குடாவிலே. அதில் பங்குபற்றியவர்களுள் ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். பின்னர் ஹவாய்த் தீவிலே, நீச்சல்காரன் வலியவனா, சைக்கிளோட்டி வலியவனா, ஓட்டக்காரன் வலியவனா என்று எழுந்த விவாதத்துக்கு முடிவு காண்பதற்கென 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி அவர் ஒரு பெரும் போட்டியை நடத்தினார். ஏறக்குறைய 3.9 கிலோமீற்றர் கடல் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், அதன்மேல் முழு மரதன் ஓட்டம்! பதினைந்து பேர் புறப்பட்டனர், பன்னிருவர் முடித்தனர். கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 47 நிமிடமளவில் முதலாவதாக வந்தார். ஓட்டத்தின் பெரும்பகுதியிலும் முன்னணியில் நின்ற ஜோன் டன்பார் என்பவர் பின்தங்கிய கதை சுவையானது. அவருடைய உதவியாளர் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோய்விட்டது. கையிலிருந்த பியரைக் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர் தள்ளாடி இரண்டாம் இடத்தோடு அமைய வேண்டியதாயிற்று. கால்களின் வலிமையிலே குறைந்து அவர் தோற்கவில்லை, தண்ணீரில்லாமல் தோற்றார். இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த பொருளும் இதனைச் சார்ந்ததே.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே இவ்விளையாட்டுக்கு இடம் கிடைத்தது. கொழும்பிலே 2018 பெப்ரவரி 25இல் முதன்முறையாக ‘அயன்மேன் 70.3’ என்னும் அரைத் தூரப் போட்டி நடைபெற்றது. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் என்பது அதன் அளவு. ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கிலோமீற்றர். அதிலும் பாதியான 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர் என்பதே புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு ஏற்ற அளவு என்பது என் கருத்து. தொடக்கத்திலேயே அரைத் தூரத்துக்கு ஆசைப்படுவது, அரிச்சுவடி முடியுமுன் தொல்காப்பியத்தைத் திறப்பது போலாகும்.

நெடுநேரம் தாங்கிநிற்கும் ஆற்றல் நம்மவருக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறை ஈன்ற ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இரு திசையிலும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அதே மனிதர் 1979 மே மாதத்தில், கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் ஓயாமல் சைக்கிள் மிதித்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அப்பெருமகன் உயிர்நீத்தார். அவரிடமிருந்து மாணவர் கற்கவேண்டியது பொறுமையை. உறக்கம் துறந்த அச்சாதனைகளை அல்ல. அவை ஆயிரத்தில் ஒருவருக்கு உரியவை.

வெயில் என்னும் எதிரி

முத்திறப் போட்டி என்று பெயர் இருந்தாலும், நமது வறண்ட வலயத்திலே அது நாற்றிறப் போட்டியாகிறது. நான்காவது, வெயில். குளிர்நாட்டார் எழுதிய பயிற்சி நூல்கள் இதனை ஓர் அத்தியாயத்தோடு முடித்துவிடும். புத்தளம் மாவட்டத்தில் இருப்பவனோ இதனை முதல் அத்தியாயமாகக் கொள்ளவேண்டும்.

உழைக்கும் தசைகள் வெப்பத்தைப் பெருக்குகின்றன. அவ்வெப்பத்தை வெளியேற்ற உடல் இரத்தத்தைத் தோலை நோக்கிச் செலுத்துகிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. ஆனால் தோலுக்குப் போன இரத்தம் தசைக்குக் கிடைக்காது. ஆகவே அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கவேண்டியிருக்கிறது. களப்போரத்து ஈரக் காற்றிலே வியர்வை உலராமல் வழிந்தோடினால் குளிர்ச்சியும் இல்லை, நீர் இழப்பு மாத்திரம் மிச்சம்.

2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் மெக்சிக்கோவின் கொசுமெல் தீவிலே நடந்ததை உலகமே பார்த்தது. உலகத் தொடரின் இறுதிப் போட்டியில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்து வீரர் ஜொனி பிரவுன்லீ, முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில் வெப்பத்தால் தள்ளாடி வீதியோரம் சாய்ந்தார். பின்னால் வந்த அவருடைய தமையனார் அலிஸ்டேர், தம் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் அணைத்துக் கொண்டுபோய்க் கோட்டுக்கப்பால் தள்ளிவிட்டார். தென்னாபிரிக்கரான ஹென்ரி ஷூமன் அவர்களைக் கடந்து வென்றார். உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவருக்கே இந்நிலையென்றால், பாடசாலை விட்டதும் பிற்பகல் வெயிலிலே பத்துக் கிலோமீற்றர் ஓடத் துணியும் மாணவன் எம்மாத்திரம்?

“நாங்கள் வெயிலிலே பிறந்தவர்கள், எங்களுக்கு என்ன?” என்று சிலர் சொல்வார்கள். மரமுந்திரிகைத் தோட்டத்திலும் உப்பளத்திலும் நாள்முழுதும் உழைப்பவர் சொன்னால் அதில் நியாயமுண்டு. மின்விசிறியின் கீழே அமர்ந்து படிப்பவர் சொல்லலாகாது. வெப்பத்தில் உடலை வருத்திப் பழகிய உடல்தான் வெப்பத்தைத் தாங்கும். அதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். முதல் நாள் அரைமணி நேரம், மெல்லிய வேகம். பின்பு நாள்தோறும் சிறிது சிறிதாக. வியர்வை முன்கூட்டியே தோன்றும், அதில் உப்புக் குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். பயிற்சியை விட்டுவிட்டால் இப்பயனும் சில வாரங்களில் நீங்கிவிடும்.

எப்பொழுது பயிற்சி செய்வது?

இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். வெயில் சொல்கிறது, விடியுமுன் புறப்படு என்று. யானை சொல்கிறது, விடிந்தபின் வா என்று! புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லைக் கடந்து இலவன்குளம் நோக்கிச் செல்லும் வீதி, வில்பத்துக் காட்டை நெருங்க நெருங்க யானைகளின் வழியாகிறது. இருளிலும் மங்கலிலும் அவ்வீதியிலே ஓசையின்றி வரும் துவிச்சக்கர வண்டி, யானைக்கும் திடுக்கீடு, ஓட்டுபவனுக்கும் ஆபத்து. ஆகவே நமக்குக் கிடைப்பது நன்றாக விடிந்ததிலிருந்து எட்டரை மணிவரையான இரண்டு மணி நேரம் மாத்திரமே. நல்லவேளையாகப் போட்டியின் ஒழுங்கே இதற்குப் பொருந்துகிறது. காற்று எழாமல் களப்பு கண்ணாடிபோல் கிடக்கும் முதல் வெளிச்சத்தில் நீச்சல். வீதி தெளிந்தபின் சைக்கிள். ஈற்றில் நிழலுள்ள பாதையில் சிறு ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில் செய்யவேண்டும் என்பதில்லை. கிழமைக்கு ஒரு நாள் போதும்.

புத்தளக் களப்பு பெரும்பாலும் ஆழமற்றது. பல இடங்களில் ஒருவர் எழுந்து நிற்கலாம். புதியவனுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் வேறில்லை. ஆயினும் தனியே இறங்கலாகாது. வள்ளத்திலோ கரையிலோ நன்கு நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கண்பார்த்து நிற்கவேண்டும். கரைக்கு இணையாக நீந்துக. கடலை நோக்கி அல்ல. வலைகள் கட்டிய இடத்தை மீனவரிடம் கேட்டறிக. அடியிலே புல் படர்ந்த இடங்களில் திருக்கை கிடக்கும். காலைத் தூக்கி வையாமல் மணலில் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். கங்கேவாடியருகே கலா ஓயா கலக்கும் முகத்துவாரத்தின் கண்டல் காடு காண்பதற்கு இனியது, ஆனால் அது முதலைகளுக்குரிய இடம். அங்கே நீச்சல் வேண்டவே வேண்டாம்.

குளத்திலும் தடாகத்திலும் நீந்தியவன் திறந்த நீரிலே திசை தவறுவான். கரையில் ஒரு பனையையோ கோபுரத்தையோ குறியாகக் கொண்டு, எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணளவு மாத்திரம் தலை தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். புறப்பாட்டிலே நெரிசலும் நெஞ்சுப் படபடப்பும் இயல்பு. அவ்வேளை மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்திக்கொள்வதையும் பயிற்சியிலேயே பழகவேண்டும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. விலையுயர்ந்த வண்டி வேண்டும் என்ற எண்ணமே பலரைத் தடுக்கிறது; முதற் போட்டிக்கு வீட்டு லுமாலா வண்டி போதும். இருக்கையின் உயரம், மிதி கீழே நிற்கும்போது குதிகால் பட்டுக் கால் நேராகும் அளவு இருக்கட்டும். இரு தடைகளும் பிடிக்கவேண்டும். தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது. போட்டியிலும் தலைக்கவசத்தின் வார் பூட்டிய பின்னரே வண்டியைத் தொடலாம் என்பது விதி. சோளகக் காற்றுக் காலத்தில் முதலில் புத்தளப் பக்கமாகத் தெற்கே எதிர்காற்றில் மிதித்து, களைத்தபின் காற்றோடு வீடு திரும்புவது புத்தி. லொறிகள் ஓடும் வீதி அது. இருவர் அருகருகே ஓட்டுவது தகாது.

வண்டியிலிருந்து இறங்கியதும் கால் இரண்டும் செங்கல்லைக் கட்டியதுபோல் கனக்கும். இது நோயன்று, ஒருவகை அசைவில் பழகிய தசை மற்றொன்றுக்கு மாறும் தயக்கம். கிழமைக்கு ஒருமுறை சைக்கிள் விட்டிறங்கியவுடன் பத்து நிமிடம் ஓடிப் பழகினால் இது தணியும். அடியைச் சுருக்கி விரைவாக எடுத்து வைக்கவேண்டும். முதற் கிலோமீற்றரை மனம் விரும்புவதிலும் மெதுவாக ஓடவேண்டும்.

மொத்தப் பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம் போதும். பெரும்பகுதியும் அருகில் வருபவரோடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் அமையட்டும். வாராவாரம் பத்திலொரு பங்குக்கு மேல் கூட்டாமலும், நான்காம் வாரம் குறைத்தும் நடத்துக. ஓட்டத்தில் கெட்டிக்காரன் ஓடிக்கொண்டேயிருப்பதும், நீந்தத் தெரியாதவன் நீரை ஒத்திப்போடுவதும் நான் மாணவரிடம் இடையறாது காணும் வழக்கம். நேரத்தின் பெரும்பங்கு பலவீனமான துறைக்கே உரியது.

உப்பின் ஊரில் உப்பைப் பற்றி

உப்பளங்கள் சூழ்ந்த புத்தளத்தில் உப்பைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? வேண்டும். ஏனெனில் தாகத்துக்குப் பயந்து வெற்று நீரை அளவின்றிக் குடிப்பவனுக்கு இரத்தத்தின் உப்புச் செறிவு தாழ்ந்து தலைவலி, வாந்தி, தடுமாற்றம், வலிப்புக்கூட வரலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடலை நிறுத்துப் பார்ப்பது நல்ல வழி. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை போயிற்று என்று பொருள். நிறை கூடியிருந்தால் மிகையாகக் குடித்துவிட்டீர்கள். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேற்பட்டால் உப்பிட்ட மோரோ கஞ்சியோ ‘ஜீவனி’ப் பொடி கரைத்த நீரோ தகும். வீட்டிலே செய்வதாயின் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தவை. இளநீர் சிறந்ததே, ஆனால் வியர்வையில் போகும் உப்பு அதில் குறைவு. நோன்பு மாதத்தில் முஸ்லிம் மாணவர் பகற்பயிற்சியை விட்டு, நோன்பு திறந்து கஞ்சி அருந்தியபின் சிறிது நேரம் பயில்வது உசிதம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. இவ்விளையாட்டு ஆண்பிள்ளைகளுக்கு மாத்திரம் உரியதன்று. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலே பெண்கள் போட்டியில் வென்றவர் புளோரா டஃபி. நம் புத்தளம் மாவட்டத்தைவிட மிகச் சிறியதான பெர்மியூடாத் தீவுக்கு அவர் ஈட்டித் தந்ததே அத்தீவின் முதல் ஒலிம்பிக் தங்கம். வெப்பத்துக்கு அஞ்சி அப்போட்டியைக் காலை ஆறரை மணிக்குத் தொடங்கத் திட்டமிட்டிருந்தனர் என்பதையும் கவனிக்க. மகளுக்கு நீந்தக் கற்பிப்பதைப் போட்டிக்காக அல்லாவிடினும், களப்போரத்தில் வாழ்கிறோம் என்பதற்காகவேனும் தள்ளிப்போடாதீர்கள்.

ஓடுபவன் திடீரெனக் குழம்பிப் பேசினாலோ, திசை தடுமாறினாலோ, வீண் கோபம் கொண்டாலோ, “இன்னும் கொஞ்சந்தான்” என்று ஊக்கப்படுத்தாதீர்கள். அது வெப்பத் தாக்கத்தின் அடையாளம். தாமதம் உயிரைப் பறிக்கும். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸ் வரவழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் அவனை நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடையைக் களைந்து, தலையைத் தாங்கிப் பிடித்தபடி தொட்டி நீரில் கழுத்தளவு அமிழ்த்துங்கள். தொட்டி இல்லையேல் வாளி வாளியாக நீரூற்றி விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி வையுங்கள். தன்னினைவு தெளியாதவனுக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது.