தலையில் அடிபட்டவர் எப்போது முடி வெட்டலாம்? மொட்டை நேர்த்திக்கடனை என்ன செய்வது?

பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, தையல் போட்டு வீட்டுக்கு வந்தாச்சு. காயமும் ஆறிக்கிட்டு வருது. ஆனால் சீப்பு பட்டாலே சுள்ளுன்னு வலிக்குது. ஆஸ்பத்திரியில் தையலுக்காக ஒரு பக்கம் மட்டும் முடியை எடுத்திருப்பார்கள். "பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு, ஒரே சீரா எடுத்து விட்டுருவோம்" என்று வீட்டில் சொல்வார்கள். "உயிர் பிழைச்சா மொட்டை போடுறேன்" என்று வேண்டிக்கொண்டவர்களும் இருப்பார்கள்.

கடலாடி, சாயல்குடி பக்கம் தலையில் பலத்த அடி என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோவது வழக்கம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையும் மறுபரிசோதனை தேதியும் இருக்கும். எப்போது முடி வெட்டலாம் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

காயம் ஆறியும் ஏன் வலிக்கிறது?

மூளைக்கு வலி தெரியாது. ஆனால் தலைத்தோல் முழுக்க நரம்புகள். நெற்றி வழியாகவும் பிடரி வழியாகவும் வந்து உச்சி வரை பரவுகின்றன. வெட்டுக்காயத்தில் இவையும் அறுபடும் அல்லது நசுங்கும். நரம்பு திரும்ப வளரும் வேகம் நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதுவரை ஒரு இடம் மரத்துப்போகும், பக்கத்து இடம் லேசாகத் தொட்டாலே எரியும், சில நேரம் எறும்பு ஊர்வது போலவும் இருக்கும். இது மனப்பிரமை அல்ல. பலருக்கு மாதக்கணக்கில் நீடித்து மெல்லக் குறையும்.

எப்போது வெட்டலாம்?

தலைத்தையலை பொதுவாக 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். பிரித்த அன்றே சலூனுக்குப் போகக்கூடாது. பொருக்கு தானாக உதிர்ந்து, ஈரமோ கசிவோ இல்லாமல் தோல் மூடியிருக்க வேண்டும். மறுபரிசோதனையில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு போகலாம். முடிக்கு டை அடிப்பதை இன்னும் தள்ளிப்போடுங்கள்.

மூளை வீக்கத்துக்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் நிலைமை வேறு. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் எலும்பு இல்லை. அதன்மேல் எந்த அழுத்தமும் படக்கூடாது. எலும்பைத் திரும்பப் பொருத்தும்வரை, அறுவை சிகிச்சை செய்த டாக்டரைக் கேட்காமல் கத்தியோ மிஷினோ வைக்க வேண்டாம்.

சலூனில் என்ன சொல்ல வேண்டும்?

உட்காரும் முன்பே சொல்லுங்கள்: "அண்ணே, இந்தப் பக்கம் அடிபட்டு தையல் போட்டிருக்கு. இங்க மிஷின் வேணாம், கத்தரிக்கோல் போதும். கையைத் தூக்குனா நிறுத்திருங்க."

* தழும்பு இருக்கும் இடத்தை விரலால் காட்டுங்கள். முடிக்குள் மறைந்திருந்தால் அவருக்குத் தெரியாது.
* வலிக்காத பக்கத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வலிக்கும் இடம் கடைசியில், அல்லது இன்னொரு நாள்.
* அடிபட்டவர்களில் பலருக்கு சத்தமும் வெளிச்சமும் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைத் தவிர்த்து, வேலை நாளில் மதியம் போங்கள். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம்.
* தலை சுற்றுகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள். குனிந்து தலை கழுவ வேண்டாம்.
* புது பிளேடு கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கத்தியைத் தவிர்ப்பது நல்லது.

ஆயில் மசாஜ், கழுத்துச் சொடக்கு?

இரண்டும் கூடாது. தலையைத் தட்டிப் பிசைவது ஆறாத நரம்பைக் கிளறும். கழுத்தைத் திருப்பி சொடக்கு எடுப்பது அடிபடாதவர்களுக்கே ஆபத்து. கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். பார்லரில் கழுத்தைப் பின்னால் சாய்த்து தலை கழுவியவர்களுக்கு பக்கவாதம் வந்ததை, 1993-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெய்ன்ட்ராப் பதிவு செய்தார்.

மொட்டை நேர்த்திக்கடன் என்ன ஆகும்?

தள்ளிப்போடலாம், தப்பில்லை. மொட்டையில் கத்தி தலைத்தோலை ஒட்டியே போகும். தழும்பு மேடு பள்ளமாக இருப்பதால் அங்கே வெட்டுப்பட வாய்ப்பு அதிகம். அதோடு திருச்செந்தூரிலோ ராமேஸ்வரத்திலோ கடலில் குளித்தால், ஆறாத காயத்தில் கிருமி தொற்றலாம். காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்றதும் மொட்டை போடுங்கள். அதுவரை மனசு கேட்கவில்லை என்றால், காயத்தை விட்டுத் தள்ளி இரண்டு மூன்று கற்றை மட்டும் நறுக்கி 'பூ முடி' கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. மொட்டைக்குப் பிறகு வெயில் தழும்பில் படாமல் பருத்தித் துண்டை இறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

தழும்பில் சீழ், காய்ச்சலோடு வீக்கம், தண்ணீர் போல கசிவு இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

முடி ரெண்டு மாசம் கோணலாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்த மறுபரிசோதனைக்குப் போகும்போது, மாத்திரை பற்றிக் கேட்பதோடு "முடி எப்ப வெட்டலாம் சார்?" என்றும் கேட்டுவிடுங்கள்.