குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய்: குடும்பத்துக்கு உற்றாரும் அயலாரும் செய்யத்தக்கவை

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் நகரின் பிற பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஒரு குழந்தைக்குக் கடும் நோய் என்று தெரிந்தவுடன் முதலில் எழும் கேள்வி, "ஊருக்குப் போய்விடலாமா?" என்பதே. நோய் இரத்தப் புற்றுநோய் என்றால் இக்கேள்வி இன்னும் வேகமாக எழுகிறது. அதற்கு விடை காணுமுன், நோயின் இயல்பையும், அதற்கான சிகிச்சை எத்துணை நீண்டது என்பதையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

நம் உடலில் இரத்த அணுக்கள் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் அங்கே கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமற் செய்துவிடுவதே இந்நோய். சிவப்பணுக்கள் குறைவதால் குழந்தை வெளிறிச் சோர்கிறது. தட்டணுக்கள் குறைவதால் தோலில் சிவந்த புள்ளிகளும் கன்றிய தழும்புகளும் தோன்றுகின்றன. நல்ல வெள்ளணுக்கள் குறைவதால் காய்ச்சல் விடாமல் வருகிறது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் வகையை மருத்துவர்கள் 'ஏ.எல்.எல்.' என மூன்றெழுத்தால் குறிப்பர். இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்களையே அது பெரிதும் தாக்குகிறது. இது தொற்றுநோய் அன்று. தாய் உண்ட உணவாலோ, குழந்தை செய்த குறும்பாலோ வருவதும் அன்று. இந்த ஒரு செய்தியை வீட்டிலுள்ளோர் அனைவருக்கும், முக்கியமாகக் குழந்தையின் தாய்க்கு, ஒரு தடவைக்குப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

1948-ஆம் ஆண்டு வரையில் இந்நோய்க்கு மருந்தே இல்லை என்று கூறலாம். அவ்வாண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர், தாம் சிகிச்சை அளித்த 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் சிறிது காலம் பின்வாங்கியதாக அறிவித்தார். அவர் பயன்படுத்திய மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் மேற்பார்வையில் உருவானது. அதன் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட் இன்றும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கப்படுகிறது. வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு மருந்து, நாம் நித்தியகல்யாணி என்றும், சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்றும், வங்காளிகள் நயனதாரா என்றும் அழைக்கும் செடியிலிருந்து கிடைக்கிறது. இத்தகைய மருந்துகளை முறையாகச் சேர்த்துக் கொடுக்கக் கற்றதன் பயனாக, செல்வ நாடுகளில் இன்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர். நம் நாட்டில் அந்த அளவு இன்னும் எட்டப்படவில்லை. மருந்தின் குறையைக் காட்டிலும், தொற்றினால் நேரும் இறப்புகளும், சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவதுமே இதற்குப் பெரிய காரணங்கள். உற்றாரும் அயலாரும் துணை செய்யக்கூடிய இடமும் இதுவே.

பாதியில் ஏன் நிறுத்துகிறார்கள்? பணமின்மை ஒரு காரணம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு வேறொரு காரணமும் கண்ணில் படுகிறது. முதல் நான்கைந்து வாரச் சிகிச்சை முடிந்ததும் மஜ்ஜையைச் சோதித்து, "ரெமிஷன்" என்று மருத்துவர் கூறுவார். இச்சொல்லைத் தமிழிலும் வங்காளியிலும் "குணமாகிவிட்டது" என்று பெயர்த்துவிடுகிறோம். அது பிழையான பெயர்ப்பு. நோய் கண்டறியப்படும்போது குழந்தையின் உடலில் நோயணுக்கள் ஒரு லட்சம் கோடி அளவில் இருக்கும்; நுண்ணோக்கியில் அவை தென்படாத நிலையிலும் ஆயிரம் கோடிவரை எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே "நோய் அடங்கியிருக்கிறது" என்பதே நேரிய பொருள். அடங்கியதை அடியோடு நீக்கவே, மேலும் பல மாதத் தீவிர சிகிச்சையும், அதன்பின் நீண்ட பராமரிப்புச் சிகிச்சையும் தரப்படுகின்றன. எல்லாம் சேர்ந்து இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகள் ஆகும். குழந்தை ஓடியாடி விளையாடுவதைக் கண்டு, "இனி எதற்கு மருந்து?" என்று கேட்கும் பாட்டிமார் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு இந்த ஆயிரம் கோடிக் கணக்கைச் சொல்லலாம்.

இனி, ஊருக்குப் போவதைப் பற்றி. கொல்கத்தாவில் இந்நோய்க்குச் சிகிச்சை கிடைக்காது என்று எண்ண வேண்டியதில்லை. ஹாஸ்ராவில் உள்ள சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை 1950 ஜனவரி 2-ஆம் நாள் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையாரால் திறந்துவைக்கப்பட்டது. அதன் இரண்டாம் வளாகம் 2022-இல் ராஜர்ஹாட்டில் தொடங்கப்பெற்றது. நியூ டவுனில் டாட்டா மெடிக்கல் சென்டர் 2011 முதல் இயங்கி வருகிறது. இந்தியக் குழந்தைகளுக்கென ஒரு பொதுச் சிகிச்சை முறையை வகுத்துச் சோதிக்கும் கூட்டு ஆய்வில் கொல்கத்தா, மும்பை, தில்லி, சண்டிகர், சென்னை ஆகிய நகரங்களின் மையங்கள் பங்குகொண்டன. இங்கே தரப்படும் மருந்தும் அடையாற்றில் தரப்படும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றே என்பது இதனால் விளங்கும். நாம் சென்னைக்குப் போக நினைக்கும் அதே வேளையில், எத்தனையோ வங்காளக் குடும்பங்கள் வேலூருக்கு ரயிலேறுவதையும் காண்கிறோம்! மருத்துவமனை எங்கே என்பதைவிட, குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் எவ்வளவு நேரத்தில் அங்கே சேரமுடியும், வீட்டில் உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்பவையே முக்கியம். இங்கே தனித்த குடும்பமாய், துணைக்கு ஒருவருமின்றி இருப்பவர்கள் தாய்வீட்டின் அருகே சென்று சிகிச்சை பெறுவதில் தவறில்லை. ஆனால் அதைச் சிகிச்சை தொடங்குமுன்பே முடிவு செய்வது நன்று. தொடங்கியபின் மாற நேர்ந்தால், இரு மருத்துவமனைகளும் கலந்து பேசி நாளைக் குறித்த பிறகே புறப்பட வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்துள்ள முதல் மாதத்தில், ஒரு நாளுக்கும் மேற்பட்ட ரயில் பயணத்தை மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்வது பேராபத்து.

காய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். சாதாரணக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் பார்ப்போம். இக்குழந்தைக்கு அவ்வாறு பார்க்கலாகாது. வெப்பமானி 100.4 பாரன்ஹீட் டிகிரியைக் காட்டினால் உடனே மருத்துவமனைக்கு அறிவித்துப் புறப்பட வேண்டும்; அங்கே சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து ஏறவேண்டும். வீட்டிலேயே காய்ச்சல் மாத்திரை கொடுத்து வெப்பத்தைத் தணிப்பது ஆபத்தின் அறிகுறியை மறைத்துவிடும். தெருக்கோடி மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது. தென் கொல்கத்தாவிலிருந்து நியூ டவுன் நகரின் மறுகோடியில் உள்ளது. அதனால் சிகிச்சைக் கோப்பு, ஒரு மாற்றுடை, வாடகை வண்டிக்கான பணம் ஆகியவற்றை ஒரு பையில் இட்டு வாயிலருகே வைத்திருக்க வேண்டும். அண்டை வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, இரவு இரண்டு மணிக்கும் கதவைத் தட்டலாம் என்ற உறுதியை அக்குடும்பத்துக்கு அளிப்பதே.

அம்மை நோய்க்கும் இதே அவசரம் உண்டு. நாம் அம்மை என்பதை வங்காளிகள் வசந்தம் என்று பருவத்தின் பெயராலேயே அழைக்கின்றனர். நமக்கு மாரியம்மன் போல அவர்களுக்குச் சீதளா தேவி. இரு சமூகத்திலும் அம்மை கண்டால் மருத்துவரிடம் போகாமல் வேப்பிலையோடு வீட்டில் இருப்பது வழக்கம். அந்நம்பிக்கையில் குறுக்கிடுவது என் நோக்கமன்று. எனினும் இச்சிகிச்சை பெறும் குழந்தைக்குச் சின்னம்மை உயிரையே பறிக்கக்கூடும். குழந்தை அம்மை கண்டவர் அருகில் இருக்க நேர்ந்தாலே போதும், அன்றே மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும். தடுப்பு மருந்துகள் உரிய நாட்களுக்குள் கொடுத்தால்தான் பயன் தரும்.

உணவில் நம் பழக்கம் பெரும்பாலும் உதவுகிறது. ஆவி பறக்கும் இட்லியும், குழைய வெந்த சோறும் பருப்பும், காய்ச்சி ஆறிய நீரும் உகந்தவை. தெருவில் நறுக்கி விற்கும் பழமும், புச்காவும் ஆகா. கோயில் தீர்த்தத்தை வாயில் விடாமல், திருநீற்றை நெற்றியில் மட்டும் இடலாம். பப்பாளி இலைச்சாறு, அறுகம்புல் சாறு என்று அன்பர்கள் கொண்டுவருவனவற்றை மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது.

பராமரிப்புக் காலத்தில் மருந்து கொடுக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டிலுள்ளோருடையது. மெர்காப்டோபியூரின் என்னும் மாத்திரை தினந்தோறும். மெதோட்ரெக்ஸேட் மாத்திரையோ வாரம் ஒருமுறை மட்டுமே. வாரத்துக்குரியதைத் தவறி நாள்தோறும் கொடுத்துவிட்டால் வாய் புண்ணாகி, மஜ்ஜை ஒடுங்கி, உயிருக்கே ஊறு நேரும். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், செவிலியர் வங்காளியில் விளக்குகிறார், தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரிகிறது என்ற நிலையில் இப்பிழை நேர்வது எளிது. இரு மொழியும் அறிந்த ஒருவர் உடன் சென்று, எந்தக் கிழமையில் எத்தனை மாத்திரை என்பதைத் தமிழில் ஒரு நாட்காட்டியில் குறித்து, மருத்துவமனையிலேயே சரிபார்த்து வாங்குவது பெருந்துணை. முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமற் போகும் என்ற அச்சத்தையும் அப்போதே கேட்டுத் தெளியலாம். மூளையைச் சூழ்ந்த நீரில் நோயணுக்கள் ஒளியாதிருக்கவே அவ்வழியில் மருந்து செலுத்துகின்றனர்.

இரத்தம் அடிக்கடி தேவைப்படும். தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்துவைக்க இயலாது. ஆதலால் ஒரே நாளில் இருபது பேர் திரண்டு வருவதைக் காட்டிலும், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டியல் ஒன்றைத் தமிழ்ச் சங்க அன்பர்கள் வைத்திருந்து, அழைக்கும்போது இருவர் செல்வதே பயன் தரும். நெருங்கிய இரத்த உறவினர் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பின்னாளில் மஜ்ஜை மாற்ற நேர்ந்தால் அவர்களே தேவைப்படலாம்.

குழந்தையிடம் என்ன சொல்வது? நான்கு வயதுக் குழந்தைக்கும் உண்மையைச் சொல்லலாம். "உன் இரத்தத்தில் கெட்ட அணுக்கள் சேர்ந்துவிட்டன, இந்த மருந்து அவற்றை விரட்டும், ஊசி வலிக்கும், ஆனால் அப்பா பக்கத்தில் இருப்பேன்" என்ற அளவு போதும். வலிக்காது என்று ஒருமுறை பொய் சொன்னால், அடுத்த முறை குழந்தை எதையும் நம்பாது. ஸ்டிராய்டு மருந்து உண்ணும் வாரங்களில் முகம் உப்பும், நடுநிசியில் பசி எடுக்கும், அடங்காச் சினமும் வரும். அது மருந்தின் வேலை, பிள்ளையின் குணமன்று. உதிர்ந்த முடி மீண்டும் வளரும். அண்ணனோ அக்காளோ இருந்தால், தன்னால்தான் தம்பிக்கு நோய் வந்ததோ என்று மனத்துக்குள் மறுகுவதுண்டு. அப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், பாடம் கேட்கவும் ஒரு அத்தையோ பக்கத்து வீட்டு மாமியோ முன்வந்தால், தாயின் சுமையில் பாதி குறையும்.

நம்மவர் துன்பம் கேட்டதும் கூட்டமாக வந்துவிடுவர். இரண்டு மாதம் கழித்து வருவோர் அருகிவிடுவர். பார்க்க வருவதைக் குறைத்து, செய்வதை இரண்டரை ஆண்டுக்கும் பங்கிட்டுக்கொள்ளுதல் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சமையல் ஒருவருடையது, மருத்துவமனை நாளில் உடன் செல்வது மற்றொருவருடையது என்று வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசில் பணிபுரியும் பெண்கள், பணிக்காலம் முழுவதிலும் 730 நாள்வரை குழந்தை பராமரிப்பு விடுப்புப் பெறலாம். சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளருக்கு ரயிலில் படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணமில்லை. உடன் செல்பவர் ஒருவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். ஊர்க் காப்பீட்டு அட்டை இங்கே செல்லுமா என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

மருந்து நின்றபிறகும் சில ஆண்டுகள் இடைவெளி விட்டுச் சோதனைக்குச் செல்ல வேண்டும். மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்கள், எந்த மருந்து எந்த அளவில் தரப்பட்டது என்ற சுருக்கக் குறிப்பை மருத்துவரிடம் எழுதி வாங்கி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். சில மருந்துகள் நெடுநாள் கழித்து இதயத்தைப் பாதிக்கக்கூடும். அன்று அப்பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர், சென்னையிலோ நாகபுரியிலோ இருந்தாலும், முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.