நாயின் முழங்கால் அறுவை சிகிச்சை: வெட்டுவதற்கு முன் ஓர் அளவு

நன்றாக ஓடியாடிய நாய் பின்னங்காலை ஊன்றாமல் நொண்டினால், சுளுக்கு என்று நினைத்துச் சில நாள் பொறுத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால், பின்னங்கால் நொண்டலுக்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று, முழங்காலுக்குள் இருக்கும் முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிவது.

அறுவை சிகிச்சை தேவை என்று முடிவானதும், மயக்க ஊசி போட்டு மீண்டும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பார் கால்நடை மருத்துவர். “முன்பு எடுத்தது போதாதா?” என்று கேட்கத் தோன்றும். முதல் படம் நோயைக் கண்டறிய எடுப்பது, இரண்டாவது, அளவெடுப்பதற்கு.

எதை அளக்கிறார்கள்? நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதி சமமாக இல்லாமல் பின்நோக்கிச் சரிந்திருக்கும். பல நாய்களில் இந்தச் சரிவு 20 முதல் 30 டிகிரி வரை இருக்கும். நாய் காலை ஊன்றும்போது, தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்கிறது. மேட்டில் நிறுத்திய தள்ளுவண்டியைக் கயிறு பிடித்திருப்பதுபோல், தசைநார்தான் அதைத் தடுக்கிறது. கயிறு அறுந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டு நழுவும், வலிக்கும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993ல் வெளியிட்ட ‘டி.பி.எல்.ஓ.’ முறை, அறுந்த கயிற்றை மாற்றுவதில்லை, மேட்டையே சமப்படுத்துகிறது. கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்து, தேவையான அளவு திருப்பி, உலோகத் தகடும் திருகாணிகளும் கொண்டு பொருத்துவார்கள். சரிவை ஏறக்குறைய 5 டிகிரிக்குக் குறைப்பதே இலக்கு.

எவ்வளவு திருப்புவது என்பதை எக்ஸ்ரே படம் சொல்கிறது. கணுக்கால் மூட்டின் மையத்திலிருந்து கீழ்க்கால் எலும்பின் உச்சி நடுப்பகுதி வரை ஒரு கோடு வரைவார்கள். அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. எலும்பின் மேற்பரப்பை ஒட்டி மூன்றாவது கோடு. கடைசி இரண்டுக்கும் இடையிலான கோணமே சரிவு.

சரிவு 25 டிகிரி என்றால், 20 டிகிரி திருப்ப வேண்டும். 24 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்ட ரம்பத்தால் அறுத்தால், எலும்பை நகர்த்த வேண்டிய தொலைவு சுமார் 8 மில்லிமீட்டர் மட்டுமே.

இவ்வளவு சிறிய அளவு என்பதால் படம் துல்லியமாக இருக்க வேண்டும். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலையும் கணுக்காலையும் 90 டிகிரி மடக்கி எடுப்பார்கள். தொடை எலும்பின் இரு குமிழ்களும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தித் தெரிய வேண்டும். கால் சற்றே திரும்பியிருந்தாலும் கோணம் மாறித் தெரியும். வலியில் இருக்கும் நாய் அப்படி அசையாமல் படுத்திருக்காது. மயக்க ஊசி அதற்காகத்தான்.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு சற்றுப் பெரிதாகத் தெரியும். அதனால், அளவு தெரிந்த உலோகக் குண்டு ஒன்றையும் எலும்பின் மட்டத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். அதை வைத்து உண்மையான அளவைக் கணக்கிட்டு, ரம்பமும் தகடும் தேர்வு செய்வார்கள்.

அளவு தவறினால் என்ன ஆகும்? குறைவாகத் திருப்பினால் மூட்டு தொடர்ந்து நழுவும். அதிகமாகத் திருப்பினால், சுமை பின்புறச் சிலுவைத் தசைநாருக்கு மாறி, அதுவும் பாதிக்கப்படலாம்.

எனவே, செலவைப் பற்றிக் கேட்கும்போதே, “என் நாயின் சரிவு எத்தனை டிகிரி? எவ்வளவாகக் குறைக்கப் போகிறீர்கள்?” என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் புதிய கோணத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

எலும்பு கூட ஏறக்குறைய 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை ஓட்டமும் தாவலும் கூடாது. வழுக்கும் தரையில் பாய் விரித்து வையுங்கள். ஒரு காலில் தசைநார் கிழிந்த பல நாய்களுக்கு மறுகாலிலும் பின்னர் கிழிவதுண்டு. அதனால் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் உரிமையாளரின் பொறுப்பு.